திங்கள் இரவுப் படபடப்பு: முதல் பதிவுப் படிவத்திலிருந்து சிகிச்சைத் திட்டம் வரை ஒரு நிகழ்வு ஆய்வு

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து (தொழிலாளர்களின் வரிசை வீடு) வந்த பெண். வயது 42, கொழுந்து பறிக்கும் வேலை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எழுதிக் கொடுத்த சீட்டில் இருந்தது ஒரு வரிதான்: "படபடப்பு, தூக்கமின்மை. இசிஜி சரி. கவுன்சிலிங் தேவை." இதை வைத்தே மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்பிவிட முடியும். அப்படி அனுப்பியிருந்தால் என்னவெல்லாம் விட்டுப்போயிருக்கும் என்பதைத்தான் இந்த ஆய்வு பேசுகிறது.

இது தனி ஒருவரின் கதை அல்ல. மலைத் தோட்டங்களில் மனநலப் பணி செய்கிறவர்கள் அடிக்கடி பார்க்கும் விவரங்களைச் சேர்த்து, பயிற்சிக்காகக் கட்டிய நிகழ்வு. மதிப்பெண்களும் ரத்தப் பரிசோதனை எண்களும் பாடத்துக்காக அமைத்தவை. அளவுகோல்கள், சட்டம், மருத்துவ வரம்புகள் எல்லாம் உண்மையானவை.

முதல் நாள்: 6 மதிப்பெண்

அவர் மாமியாரோடு வந்தார். படிவத்தை வரவேற்பிலேயே கையில் கொடுத்து, "நிரப்பி வைங்க, கூப்பிடுவோம்" என்று சொல்லியாகிவிட்டது. எட்டாவது வரை படித்தவர், நிதானமாக எழுத்துக்கூட்டிப் படிப்பார். பக்கத்து நாற்காலியில் மாமியார். மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 தாளில் தூக்கத்துக்கு 3, களைப்புக்கு 3, மற்ற ஏழுக்கும் 0. மொத்தம் 6. குடும்பத்தில் மதுப் பழக்கம்: இல்லை. வீட்டில் வன்முறை: இல்லை. குடும்பத்தில் தற்கொலை: இல்லை.

பிஎச்க்யூ-9 கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. 5, 10, 15, 20 ஆகியவை வரம்புகள். 6 என்றால் லேசான மனச்சோர்வு. தாளை மட்டும் பார்க்கிறவர் அவசரமில்லாதவர் அடுக்கில் வைத்துவிடுவார்.

ஆனால் இந்த 6 அவருடைய மனநிலையைக் காட்டவில்லை. யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதைத்தான் காட்டுகிறது. படிவத்தின் தலையில் "நிரப்பும்போது உடன் இருந்தவர்" என்று ஒரு கட்டம் இருக்க வேண்டும். பெரும்பாலான படிவங்களில் இல்லை. பேனாவால் கோடு போட்டாவது சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டம் இல்லாத இடத்தில் எழுதப்படும் "இல்லை" எதையும் நம்பித் திட்டம் போடக்கூடாது.

நான்கு நாள் கழித்து இரண்டாம் சந்திப்பு. மாமியாரை வெளியே இருக்கச் சொன்னால் வீட்டுக்குப் போனதும் மருமகளுக்குத்தான் பதில் சொல்லும் பாடு. அதனால் பொது விதியாகச் சொல்லப்பட்டது: "இங்க எல்லாரையும் முதல்ல தனியாதாம்மா பார்ப்போம். அப்புறம் உங்ககிட்டயும் பத்து நிமிஷம் பேசணும், நீங்கதான் கூடவே இருக்கீங்க." அந்தப் பத்து நிமிடமும் வீணாகவில்லை. "ராத்திரி மூணு மணிக்கு எந்திரிச்சு அடுப்படியில உக்காந்திருக்கா. கேட்டா ஒண்ணுமில்லைங்கிறா" என்று மாமியார் சொன்னது பின்னால் மிகவும் உதவியது.

தனியாக உட்கார்ந்ததும் முதல் இரண்டு நிமிடம் ரகசியம் பற்றியது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு ரகசியத்தை அவருடைய உரிமையாக்குகிறது. விதிவிலக்குகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: அவர் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால், குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரிய வந்தால் (2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் செய்தாக வேண்டும்), நீதிமன்றம் கேட்டால். விதிவிலக்கைக் கடைசியில் சொல்வது ஏமாற்றுவதற்குச் சமம்.

கூடவே இன்னொரு கேள்வி: "உங்களை எந்த நம்பர்ல, எந்த நேரத்துல கூப்பிடலாம்?" படிவத்தில் எழுதியிருந்தது கணவரின் எண். லைன் வீட்டில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில்கூடக் கேட்கும், போன் பேச்சு கேட்காதா? கொழுந்து எடை போட்டு முடியும் நேரத்தில், தோழியின் போனில், "ஆஸ்பத்திரி தேதி" என்று மட்டும் சொல்வது என முடிவானது. ஊர் சிறியது. கவுன்சிலரும் இந்தப் பெண்ணின் நாத்தனாரும் ஒரே பஸ்ஸில் ஏற வேண்டியிருக்கும்.

பிறகு பிஎச்க்யூ-9 மறுபடியும், இம்முறை வாய்விட்டுப் படித்து. இதில் ஒரு கண்டிப்பு வேண்டும். அச்சில் உள்ள வாக்கியத்தை அப்படியே முதலில் படிக்க வேண்டும். புரியவில்லை என்றால்தான் பேச்சுத் தமிழ் விளக்கம், அந்த விளக்கத்தை ஓரத்தில் எழுதிவைத்து அடுத்த முறையும் அதையே சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடவையும் வாய்க்கு வந்தபடி மாற்றினால் மதிப்பெண் இறங்கியதா கேள்வி மாறியதா என்று பிரிக்க முடியாது. "ஆர்வம் அல்லது மகிழ்ச்சி இல்லாமை" அவருக்குப் பிடிபடவில்லை. "முன்னாடி பிரியமா செஞ்ச வேலை இப்ப மனசுக்கு ஒப்பலையா?" என்றதும், "மேரக்காய்க் கொடிக்குத் தண்ணி ஊத்தி ரெண்டு மாசமாச்சு மேடம்" என்றார் (மேரக்காய் என்பது சௌசௌ). மொத்தம் 16. பதற்றத்துக்கான ஜிஏடி-7 தாளில் 21-க்கு 13.

ஒன்பதாவது கேள்வி

சாவு எண்ணம் பற்றிய ஒன்பதாவது கேள்விக்கு முதல் நாள் 0, இப்போது 1. அது 1-ஆனாலும் 3-ஆனாலும் அதற்குப் பிறகு தாளை மூடிவிட்டு நேரே பேச வேண்டும். கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று பயிற்சியில் இருப்பவர்கள் தயங்குகிறார்கள். தற்கொலை பற்றிக் கேட்பது அந்த எண்ணத்தை விதைப்பதில்லை என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெளிவானது. கேட்கும் வரிசை: சாக வேண்டும் என்ற ஆசை, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம், வழி யோசித்தாரா, செய்ய வேண்டும் என்ற உறுதி, திட்டம், முன்பு முயன்றாரா.

"படுத்தா அப்படியே எந்திரிக்காம போயிட்டா தேவலைன்னு தோணும். நானா எதுவும் செய்யணும்னு இல்லக்கா." அதுவரை "மேடம்" என்றவர் இங்கேதான் தன்னைவிடச் சின்னவரான கவுன்சிலரை "அக்கா" என்றார். சற்று நேரம் கழித்து, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் களைக்கொல்லி டப்பாவை ஒரு நாள் பார்த்துக்கொண்டே நின்றதையும் சொன்னார். திட்டமோ முன் முயற்சியோ இல்லை.

பாதுகாப்புத் திட்டம் அன்றே, அவர் எழுந்து போவதற்கு முன்பே எழுதப்பட்டது. எச்சரிக்கை அறிகுறி: மூன்று மணி விழிப்பும், எண்ணிக்கொண்டே இருக்கும் மனமும். தானே செய்யக்கூடியது: விளக்கைப் போட்டு மகள் பக்கத்தில் போய்ப் படுப்பது. பேசக்கூடியவர்: அதே நிரையில் பறிக்கும் தோழி. அடுத்து 24 மணி நேரமும் தமிழிலும் பேசும் அரசு மனநல உதவி எண், டெலி-மனஸ் 14416. கடைசி வரிதான் உயிர் காக்கும் வரி: டப்பா வீட்டை விட்டுப் போக வேண்டும். யார் எடுத்துப் போவது, எங்கே வைப்பது, எந்த நாள் என்று மூன்றையும் எழுதாவிட்டால் அது வெறும் அறிவுரை. கொழுந்தனார் அன்று மாலையே எடுத்துப்போய் தோட்டத்து ஸ்டோரில் பூட்டி வைத்தார். மறுநாள் போனில் உறுதி செய்யப்பட்டது.

எத்தனை டம்ளர்?

உணவு, பானம் என்ற பகுதியை நிறையப் பேர் ஒரு டிக்கில் கடந்துவிடுகிறார்கள். தேயிலை மலையில் அது பெரிய தவறு. "டீ குடிப்பீங்களா?" என்றால் "எல்லாரும் போலத்தான்" என்றுதான் பதில் வரும். கொழுந்து எடை அட்டையின் பின்பக்கத்தில் ஒவ்வொரு டம்ளருக்கும் ஒரு கோடு போடச் சொன்னார்கள். அடுத்த முறை வந்த அட்டையில் வியாழக்கிழமைக்கு நேரே ஒன்பது கோடுகள், எல்லாம் வெறுந்தேத்தண்ணி. கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் அவரே "9 மணி" என்று எழுதியிருந்தார். காஃபின் உடம்பில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். ஒன்பது மணிக் குடிப்பில் பாதி இரவு இரண்டு மணிக்கும் வேலை செய்துகொண்டிருக்கும்.

இன்னொன்றும் அங்கேயே வெளிவந்தது. சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை அவர் அந்தத் தேத்தண்ணியோடுதான் விழுங்குகிறார். தேநீரில் உள்ள டானின் இரும்புச்சத்தைக் குடல் சரியாக உறிஞ்ச விடாது. மாதவிடாய் எட்டு நாள், கட்டி கட்டியாக. இது வேறு பக்கத்தில், வேறு தலைப்பின் கீழ் கிடந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்ததும் பரிந்துரைக் கடிதம் போனது: முழு ரத்தப் பரிசோதனை, தைராய்டுக்கான டிஎஸ்எச், மகளிர் மருத்துவம். ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 7.9 கிராம். கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12-க்குக் கீழே ரத்தசோகை, 8-க்குக் கீழே கடுமையானது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. இதோடு உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் வாழ்பவர்களுக்கு ஹீமோகுளோபின் இயல்பிலேயே ஏறத்தாழ ஒரு கிராம் கூடுதலாக இருக்கும். எனவே உண்மையான குறை 7.9 காட்டுவதைவிடப் பெரிது. தைராய்டு இயல்பு. (இருளர், பணியர், குறும்பர் குடியிருப்புகளிலிருந்து வருபவர் என்றால் பரம்பரையாக வரும் அரிவாள் செல் சோகையையும் கேட்டாக வேண்டும்.)

16 மதிப்பெண்ணை மறுபடி பிரித்துப் பார்க்கும் நேரம் இது. தூக்கம் 3, களைப்பு 3, பசி 1 ஆகிய ஏழும் ரத்தசோகையாலும் வரக்கூடியவை. ஆர்வமின்மை 2, மனம் சோர்தல் 2, தன்னைப் பழித்தல் 2, கவனக் குறைவு 1, மந்தம் 1, சாவு எண்ணம் 1. மந்தத்தைச் சோகைக் கணக்கில் தள்ளினாலும் எட்டு மிச்சம் இருக்கிறது. "எல்லாம் ரத்தம் இல்லாததால்தான்" என்று கோப்பை மூடிவிடவும் முடியாது, "மனச்சோர்வுதான்" என்று உடம்பை மறந்துவிடவும் முடியாது.

இரண்டு படபடப்பு

"படபடப்பு எப்ப வரும்?" என்றால் "எப்பவும்" என்றுதான் யாரும் சொல்வார்கள். 14 நாளுக்கு ஒரு தாள். நேரம், இடம், அதற்கு முன் என்ன செய்தார், எது நிறுத்தியது என்று நான்கே கட்டங்கள். தாள் திரும்பி வந்தபோது ஒரே பெயரில் இரண்டு சங்கதி இருந்தது. ஒன்று, கொழுந்து மூட்டையோடு ஏற்றத்தில் ஏறும்போது வருவது. உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் அடங்கும். மற்றது இரவு மூன்று மணிக்கு, கை சில்லிட்டு, மனம் கணக்குப் போட்டுக்கொண்டு வருவது. இரவுப் படபடப்பு ஐந்து நாள் வந்திருந்தது. இரண்டு திங்கள் இரவு, ஒரு ஞாயிறு இரவு, கணவர் குவார்ட்டர் அடித்துவிட்டு வந்த இரண்டு சனி இரவு.

செவ்வாய்க்கிழமை குழுக் கடன் வசூல். மகன் கோயம்புத்தூரில் கல்லூரி சேர்ந்தபோது வாங்கிய இரண்டு கடன்கள், வாரம் 1,400 ரூபாய். படிவத்தில் "பொருளாதார நிலை: சுமார்" என்று முடிந்திருந்த இடம் இது. அந்தக் கட்டத்தில் எழுத வேண்டியது யாருக்கு, எவ்வளவு, எந்தக் கிழமை, தவறினால் என்ன நடக்கும் என்பதைத்தான்.

வீடு யாருடையது

குடும்ப வரைபடம் மூன்று தலைமுறைக்கு வரையப்பட்டது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்குக் குறுக்குக் கோடு. பாட்டன் இலங்கைக்குப் போனவர். தகப்பனார் 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி எழுபதுகளில் இந்தியா திரும்பியவர். அந்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது. 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள், இப்போதைய டேன்டீ, தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் உருவாயின. கூப்பன், முகாம், "சிலோன்காரங்க" என்ற பட்டப்பெயர் எல்லாம் அவர் பிறப்பதற்கு முன்னால் நடந்தவை. ஆனால் தாய் சொல்லிச் சொல்லி வளர்த்த வாக்கியம் அவருடையதாகிவிட்டது: "பேர் விழலைன்னா வீடு இல்ல." அந்தப் பேச்சில் "பேர்" என்றால் ஒரு நாள் வேலைப் பதிவு. அரைப்பேர் என்றால் அரைக் கூலி.

பயிற்சியில் இருந்தவர் இங்கே ஒரு தவறு செய்தார். "நான் ஓய்ஞ்சு உக்காந்தா வீடு போயிடும்" என்று அவர் சொன்னதைப் "பேரழிவுச் சிந்தனை" என்று குறித்துவைத்து, சான்று கேட்டு மாற்றும் பயிற்சிக்குத் திட்டமும் போட்டுவிட்டார். மேற்பார்வையில் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: "வீடு யாருடையது?" 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு வீடு தரும் கடமையை நிர்வாகத்தின் மேல் வைத்தது, அந்த வீடு வேலையோடு கட்டிப்போட்டது. மாமியார் ஓய்வு பெற்றாகிவிட்டது, கணவர் நிரந்தரத் தொழிலாளி அல்ல. அப்படியானால் அவர் சொன்னது பிழைச் சிந்தனை அல்ல, உள்ளதை உள்ளபடி சொன்னது. அதைத் திருத்தப் போயிருந்தால் அவர் மூன்றாம் சந்திப்புக்கே வந்திருக்க மாட்டார்.

இதே போல இன்னும் இரண்டு. மாரியம்மன் திருவிழாவில் அவருக்குச் சாமி வரும். பயிற்சியில் இருந்தவர் "மாயக் குரல்?" என்று எழுதியிருந்தார். திருவிழாவில் மட்டும், ஊரே எதிர்பார்க்கும் நேரத்தில் வந்து, தானாக இறங்கி, அவருக்குத் துன்பம் தராத ஒன்று நோய்க்குறி அல்ல. மாலை ஆறுக்கு மேல் வெளியே போக மாட்டேன் என்கிறார். தேயிலைக்குள் காட்டுமாடு நிற்கும் ஊரில் யாரும் போக மாட்டார்கள். மனநோய்களை வகைப்படுத்தும் டிஎஸ்எம்-5 நூலோடு 2013-இல் வந்த பண்பாட்டு நேர்காணலில் 16 கேள்விகள் உண்டு. அதே போக்கில் ஒரு கேள்வியை எல்லா முதல் பதிவிலும் கேட்கலாம்: "உங்க கஷ்டத்துக்கு நீங்க என்ன பேர் வைப்பீங்க?" அவர் சொன்ன பெயர், "மனசு விட்டுப் போச்சு."

வரைபடத்தில் தகப்பனாரின் தங்கை வட்டத்தில் குறுக்குக் கோடு. வயது 26, காரணம் "தீராத வயித்துவலி." தமிழ்நாட்டுக் குடும்பங்களில் இளவயதுச் சாவுக்கு இந்தக் காரணம் சொல்லப்பட்டால் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவைக்க வேண்டும், தற்கொலையை மறைக்கும் சொல்லாக அது இருக்கலாம். அன்றே தோண்டக்கூடாது.

படித்துக் காட்டியபோது

விவரங்களை ஐந்து பகுதிகளாக அடுக்குவது வழக்கம்: இப்போதைய துன்பம், முன்பே இருந்த பலவீனம், தூண்டியது, நீட்டித்துக்கொண்டிருப்பது, தாங்கிப் பிடிப்பது. நான்காம் சந்திப்பில் அது ஒரு பக்கத்துக்குள் பேச்சுத் தமிழில் எழுதப்பட்டு அவருக்குப் படித்துக் காட்டப்பட்டது. மூத்த பெண்ணாகத் தம்பி தங்கைகளைத் தூக்கி வளர்த்தது, மகன் படிப்புக் கடன், ரத்தசோகை, இரவுத் தேத்தண்ணி, சனிக்கிழமைக் குடி, செவ்வாய்த் தவணைப் பயம். தாங்கிப் பிடிக்கத் தோழி, மகள், மேரக்காய்ப் பந்தல்.

பாதியில் நிறுத்தினார். "பயம் இல்லக்கா. பணம் எப்படியாவது கட்டிடுவேன். அவமானம். நான் கட்டலைன்னா மத்த ஒம்பது பேரும் என் வாசல்ல உக்காரணும்."

குழுக் கடனில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள்தான் பொறுப்பு. இந்த ஒரு சொல் மாற்றம் திட்டத்தையே மாற்றியது. பயம் என்றால் வரவு செலவுக் கணக்கும் தளர்வுப் பயிற்சியும் போதும் என்று போயிருக்கலாம். அவமானம் என்றால் வேலை ஆட்களுக்கு நடுவில் நடக்க வேண்டும். படித்துக் காட்டாமல் கோப்பில் வைக்கும் இந்த அடுக்கு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பாதி ஊகம்தான்.

12 வாரத் திட்டம்

ஒவ்வொரு வரிக்கும் எதிரில் அது முதல் பதிவின் எந்த விவரத்திலிருந்து வந்தது என்று எழுதப்பட்டது. எதிர்வரி எழுத முடியாததை எடுத்துவிட்டார்கள். பொதுவாக எல்லோருக்கும் கொடுக்கும் தசைத் தளர்வுப் பயிற்சி அப்படித்தான் போனது.

உடம்பு முதலில். மருத்துவமனையில் ஊசிவழி இரும்புச்சத்து, பிறகு மாத்திரை. மாத்திரைக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணி நேரம் தேத்தண்ணி இல்லை, கூடவே ஒரு நெல்லிக்காய். கடைசி டம்ளர் மூன்று மணிக்கு. ஒன்பதிலிருந்து ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும் என்பதால் மூன்று நாளைக்கு ஒரு டம்ளர் வீதம் குறைத்து நான்குக்கு வந்தார்கள். மனநல மருத்துவர் பார்த்து, நான்கு வாரம் கழித்து மனச்சோர்வு மாத்திரை பற்றி முடிவெடுக்கலாம், அதுவரை வாராவாரம் ஒன்பதாவது கேள்வியைக் கேட்க வேண்டும் என்றார். நான்காம் வாரம் மதிப்பெண் இறங்கத் தொடங்கியிருந்தது; மாத்திரை இப்போது வேண்டாம் என்று அவரும் சொல்ல, அப்படியே தொடர்ந்தது.

விட்டுப்போன வேலைகளை மறுபடி செய்யவைக்கும் செயலூக்கச் சிகிச்சைக்குப் புதுப் பொழுதுபோக்கு தேடவில்லை. வேலை விட்டு வந்ததும், இருட்டுவதற்குள், 15 நிமிடம் மேரக்காய்ப் பந்தலுக்கு. "மனசு வந்தா ஊத்துறேன்" என்பதை "ஊத்திட்டு மனசைப் பார்க்கிறேன்" என்று மாற்றியதுதான் சிகிச்சை.

அவமானத்துக்கு: ஞாயிறன்றே குழுத் தலைவியிடம் போய், "இந்த வாரம் 300 குறையுது, அடுத்த வாரம் சேர்த்துத் தர்றேன்" என்று முன்கூட்டிச் சொல்லிப் பார்ப்பது. அதற்கு முன் என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறார், பிறகு என்ன நடந்தது என்று எழுதுவது. எதிர்பார்த்தது, "எல்லார் முன்னாடியும் கேப்பாங்க." நடந்தது, தலைவி தன் வீட்டுத் தவணையும் போன மாதம் தவறியதைச் சொன்னார். கூடவே ரிசர்வ் வங்கியின் 2022 நுண்கடன் விதிகளும் அவருக்கு விளக்கப்பட்டன: மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது, வசூலிப்பவர் மிரட்டவோ இழிவாகப் பேசவோ கூடாது.

கணவரைச் சேர்த்து உட்காரவைக்கும் சந்திப்பு ஒன்று மட்டும். அதுவும் "கை நீட்டினதில்ல, பாத்திரம் உடையும்" என்று தனியாகச் சொன்னதை மறுபடி இருமுறை விசாரித்து, பெண்களுக்கான உதவி எண் 181-ஐ மனப்பாடமாக்கிய பிறகே.

இடையில் இரண்டு சந்திப்புகளுக்கு அவர் வரவில்லை. "ஒத்துழைப்பில்லை" என்று எழுதுவதற்கு முன்னால் முதல் பதிவில் "வரும் வழி" கட்டத்தைப் பார்த்தார்கள். ஒரே பஸ், வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து நின்றிருந்தது. தோழியின் போனில் 20 நிமிடம் பேசி அந்த வாரங்கள் ஓடின.

நான்காம் வாரம் 13. ஏற்றத்தில் வரும் படபடப்பு குறையத் தொடங்கியது, திங்கள் இரவு அப்படியே இருந்தது. இரண்டும் வேறு என்பது அப்போது உறுதியானது. எட்டாம் வாரம் 9, ஹீமோகுளோபின் 10.6. தலைவியிடம் பேசியதற்குப் பிந்தைய மூன்று திங்கள்களில் ஒன்றில் மட்டும் விழிப்பு. ஒன்பதாம் வாரம், கேட்காமலே, "எங்க அத்தைக்கு வயித்துவலி இல்லக்கா" என்றார். வரைபடத்தில் பென்சில் கேள்விக்குறி அழிக்கப்பட்டு, வேறு மையில் தேதியோடு திருத்தம் ஏறியது. பின்தொடர்தல் மூன்று மாதம் என்றிருந்தது ஆறு மாதமாக நீட்டப்பட்டது.

பன்னிரண்டாம் வாரம் பிஎச்க்யூ-9 மொத்தம் 6. முதல் நாள் தாளும் 6. அந்தத் தாளில் தூக்கம் 3, களைப்பு 3, மீதி எல்லாம் 0. இந்தத் தாளில் ஆர்வம், மனநிலை, தூக்கம், களைப்பு, தன்னைப் பழித்தல், கவனம் ஆறுக்கும் ஒவ்வொன்று. ஒன்பதாவது கேள்விக்கு 0. உடன் இருந்தவர் என்ற கட்டத்தில்: யாரும் இல்லை.